நூறு மேம்பாலம் தாண்டினால் ஹட்டன்

அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலத்தைச் சைக்கிளில் ஒரே விடியற்காலையில் இருபத்திரண்டு தடவை ஏறி இறங்கினோம், நானும் என் சகலையும். 2024 செப்டம்பர் மாதம். நாலரை மணிக்கு ஆரம்பித்தது. வில்லியனூர்ப் பக்கம் இறங்கித் திரும்புவோம், புதுச்சேரிப் பக்கம் இறங்கித் திரும்புவோம். எட்டாவது தடவை ஏறும்போது பாலத்து உச்சியில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. ஓட்டுநர் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி எங்களை நோக்கி வந்தார். "இன்னாண்ணே வுழுந்துச்சு? சாவியா, நகையா? நானும் தேடறேன்" என்றார். ஒன்றும் விழவில்லை, இலங்கையில் மலை ஏறுவதற்குப் பழகுகிறோம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பொறுமையா ஏறுங்க, நடுவுல நடுவுல தண்ணி குடிங்க" என்று தன் பாட்டிலை நீட்டினார்.

என் ஊர் ஒதியம்பட்டில் மேடு என்று ஒன்று கிடையாது. வில்லியனூரிலிருந்து வரும் சாலை தட்டையாக வந்து, வயலோரமாகத் தட்டையாகவே திருக்காஞ்சிப் பக்கம் போய்விடும். சகலைக்கு ஊர் பாகூர் கொம்யூனில் குருவிநத்தம். அங்கேயும் நெல்லும் கரும்பும் தென்பெண்ணைக் கரையும்தான். ஏரிக்கரை, ஆற்றங்கரை, பாலம் இவை மூன்றைத் தவிர எங்கள் கால்களுக்கு ஏற்றம் தெரியாது. சகலைதான் கணக்குப் போட்டார். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர். ஹட்டன் 1,270 மீட்டர். இடையில் 770. எங்கள் மேம்பாலம் ஏழெட்டு மீட்டர் உயரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதை நூறு தடவை ஏறினால் கண்டியிலிருந்து ஹட்டன் போய்விடலாம். இருபத்திரண்டோடு அன்றைக்கு எங்கள் தொடை ஓய்ந்தது. நாவலப்பிட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நிற்கிறோம் என்று சகலை நோட்டில் எழுதினார்.

இதை எழுதும் இந்த நாள் வரை அந்த இலங்கைப் பயணம் போகவில்லை. ஆனாலும் என் ஐம்பது வயதுக்குள் நான் இவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறொன்று இல்லை என்பதால் சொல்கிறேன்.

எங்கள் இருவருக்கும் மாமியார் ஒருவர்தான். அத்தை என்று கூப்பிடுவோம். 1956இல் ஹட்டனுக்குப் பக்கத்தில், டிக்கோயாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய தாத்தா தென்னாற்காட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இப்படிப் போனவர்களின் வழிவந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அதில் ஒரு ஆளாக, தன் பதினாறாம் வயதில், 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள். பிறகு சொந்தம் ஒன்று தேடிப்பிடித்து, ரோடியர் மில்லில் நெசவு வேலை பார்த்த எங்கள் மாமனாருக்குக் கட்டிவைத்தது. ஏ.எஃப்.டி. என்று பலகையில் இருந்தாலும் ரோடியர் மில் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வோம்.

அத்தை இங்கே வந்தபோது பயந்தது எதற்குத் தெரியுமா? சமதரைக்கு. "எங்க பாத்தாலும் ஒரே மட்டம். கண்ணு போய் முட்ற எடமே இல்ல. ராத்திரி படுத்தா உருண்டு போயிடுவமோன்னு இருக்கும்" என்பார். உருளுவதற்குச் சரிவு வேண்டாமா அத்தை என்று கேட்டால், "அது ஒங்களுக்கு, எனக்குச் சரிவுலதான் படுக்கத் தெரியும்" என்பார். சைக்கிளைக் கிட்டத்தில் பார்த்ததும் இங்கே வந்துதான். தோட்டத்து ஏற்ற இறக்கத்தில் அதற்கு வேலை இல்லை. கல்யாணமான முதல் வாரம் மாமனார் கேரியரில் உட்காரவைத்து வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போனதை இன்றைக்கும் சொல்லுவார். கால் தரையில் படாமல், யாரும் தூக்காமல், மூச்சு வாங்காமல் ஒரு மனுஷி நகர்ந்து போக முடியும் என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியம்.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். செய்தியில் காட்டியபோது அத்தை முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். "கப்பல்லதான் வந்தேன்" என்று மட்டும் சொன்னார். வடகிழக்குப் பருவமழை வந்ததும் சில நாளிலேயே அந்தக் கப்பலை நிறுத்திவிட்டார்கள். நாங்களும் மறந்துவிட்டோம். மறுபடி விட்டது 2024 ஆகஸ்ட் 16. புதுச்சேரிக்காரனுக்கு அந்த நாள் மறக்காது. பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி எங்களை ஒப்படைத்தது 1962இல் அதே தேதியில். பள்ளி, அலுவலகம் எல்லாவற்றுக்கும் விடுமுறை. ஒதியம்பட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று அங்கே கொட்டகை போட்டு, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். ஆகஸ்ட் 16 தோறும் அந்த நினைவுத் தூணுக்கு மரியாதை செய்ய அமைச்சர்களின் கார்கள் வரிசையாகப் போகும். அன்றைக்கும் போயின. சகலை குடும்பத்தோடு வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "கப்பல் வுட்டாங்களாமே, சைக்கிள்ல போய்ட்டு வந்தா என்னா?" என்றார். கோடு கிழித்த பள்ளி நோட்டு ஒன்றை என் மகளிடமிருந்து வாங்கினேன். முதல் பக்கத்தில் தேதி போட்டோம்.

எல்லையைத் தாண்டுவது எங்களுக்குப் புதிதில்லை. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனாலும், பாகூரிலிருந்து கடலூர் போனாலும் தமிழ்நாடு வந்துவிடும், கொஞ்ச தூரத்தில் மறுபடி எங்கள் ஊர் வந்தாலும் வரும். என் அப்பாவின் இளமையில் அந்த இடங்களில் சுங்கச் சாவடி இருந்தது. சட்டிப்பானையைக் கூட இறக்கிப் பார்ப்பார்களாம். எல்லை என்பது சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் இடம் என்று அப்பா சொல்வார்.

அப்பா வில்லியனூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். இருபது வண்டி. மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் நம்பர். குரங்குப் பெடல் போட்டு நான் பழகியது பதினாலாம் நம்பர் வண்டியில். ரிம் கோட்டம் எடுப்பது, கோன் இறுக்குவது, பால்ரஸ் குண்டு மாற்றி கிரீஸ் வைத்து ஓவராயில் பண்ணுவது எல்லாம் பத்து வயதிலேயே கை வந்துவிட்டது. வண்டி வாங்க வருபவர்களிடம் அப்பா நிறம், கம்பெனி எதையும் பேசமாட்டார். "பல்லை எண்ணுங்க" என்பார். முன்னால் பெரிய சக்கரத்தில் 44 பல், பின்னால் பிரீவீலில் 18 பல். ஒரு தடவை பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம் என்றால் வண்டி ஐந்தரை மீட்டர் கிட்ட நகரும். சமதரைக்கு அது சுகம்.

மலையில் அதே பல் என்ன செய்யும் என்று, நோட்டில் தேதி போட்ட அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறுகிற சாலை என்று வைத்துக்கொள்வோம். என் எடை, வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து நூறு கிலோ. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த நூறு கிலோவை ஏறக்குறைய ஒன்றரைச் சாண் உயரம் தூக்குகிறேன். ஒரு நிமிடத்துக்கு ஐம்பது தடவை. ஐம்பது வயதுத் தொடை அதைச் செய்யாது. பால்காரர்களுக்கும் பாரம் ஏற்றுபவர்களுக்கும் அப்பா பின்னால் 22 பல் மாட்டிக் கொடுப்பார். அப்படி மாற்றினால் ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டருக்குள் வரும். பாரம் கொஞ்சம் இறங்கும். கியர் சைக்கிளில் முன்னால் 22, பின்னால் 34 என்று இருக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்கூட நகராது. அதனால்தான் அதில் செங்குத்தான ஏற்றத்திலும் உட்கார்ந்தபடி ஏறிவிட முடிகிறது. பல்லை எண்ணுங்க என்று அப்பா சொன்னதன் முழுப் பொருளும் அன்றைக்குத்தான் எனக்கு எட்டியது.

வண்டியைக் கப்பலில் ஏற்றுவதா, அங்கேயே ஒன்று பார்ப்பதா என்பதில் பத்து நாள் போனது. சகலை ஒரு வழி சொன்னார். யாழ்ப்பாணம் சைக்கிள் ஊர். அங்கே லுமாலா என்ற கம்பெனி வண்டி தெருவுக்குத் தெரு ஓடுகிறது. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை போட்டு, பெட்ரோல் உள்ளே வராமல் செய்தபோது அந்தக் குடாநாட்டையே சைக்கிள்தான் சுமந்தது. மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் பழைய வண்டி இரண்டு கிடைக்காமலா போகும்? வாங்குவோம், போவோம், திரும்பி வரும்போது விற்றுவிடுவோம். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது. 22 பல் பிரீவீல் இரண்டு, அதைக் கழற்றும் சாவி, ஸ்போக்ஸ் சாவி, சொல்யூஷன், டியூப் துண்டு இவற்றை மட்டும் இங்கிருந்து கொண்டுபோவது என்று எழுதினேன். எங்கள் சொந்த வண்டிகளில் ஒதியம்பட்டிலிருந்தே கிளம்பி, கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால். வழியில் ஒரு ராத்திரி சிதம்பரத்தில். காரைக்காலும் எங்கள் யூனியன் பிரதேசம்தானே, உறவுக்காரர் வீட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டு நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் பஸ். கடலில் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம்.

மாதம் குறிப்பதுதான் சுலபமாக முடிந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்கே மழை, கப்பலும் ஓடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் ஹட்டன் பக்கத்து மலைகளில்தான் வந்து முட்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பிப்ரவரி. அப்போது இங்கே வாடை இன்னும் இருக்கும், தெற்கே போகிறவன் முதுகைத் தள்ளிவிடும். ஏ9 நெடுஞ்சாலையும் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போவதுதான். கிளிநொச்சி ஒரு நாள், வவுனியா ஒரு நாள், மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை, பிறகு கண்டி. ஒரு நாளைக்கு எழுபது எண்பது கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை முடியவில்லை, ஒதுங்குவதற்குக்கூடத் தார்ச்சாலையை விட்டு உள்ளே போகக் கூடாது. தம்புள்ளைக்கு முன்னால் யானை நடமாட்டம் உண்டு, ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேர வேண்டும். இவற்றைச் சிவப்பு மையில் எழுதினோம்.

எங்கள் தெருவில் இந்தப் பேச்சு பரவியபோது, "பிரான்சுக்கா?" என்றுதான் முதலில் எல்லாரும் கேட்டார்கள். புதுச்சேரியில் வெளிநாட்டு விடுமுறை என்றால் அதுதான் நினைவுக்கு வரும். வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கே இருக்கிறார். என்னோடு படித்தவன் ஒருவனும் இருக்கிறான். அவன் லுவார் ஆற்றங்கரையில் சைக்கிளோடு நிற்கும் படங்களை அனுப்பினான். ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு அந்த ஆற்றை ஒட்டியே சைக்கிள்களுக்கென்று வழி குறித்து, திரும்பும் இடம்தோறும் பலகை வைத்திருக்கிறார்கள். ஆறும் அழகு, கோட்டைகளும் அழகு. எனக்குப் படங்களைவிட அந்த எண்ணம் பிடித்துப்போனது. ஒரு ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போவது. எங்களிடம் சங்கராபரணி இருக்கிறதே, பயிற்சிக்கு அதன் கரையில் போவோம் என்றேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு. திருக்காஞ்சியில், கெங்கைவராக நதீஸ்வரர் கோயில் படித்துறையில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பினோம். வில்லியனூர், பத்துக்கண்ணு, திருக்கனூர். ஆறு சில இடத்தில் சாலைக்குப் பக்கத்தில் வரும், சில இடத்தில் கரும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தமிழ்நாட்டுக்குள் நுழைந்து திருவக்கரை. அங்கே வக்கரகாளியம்மன் கோயில் உண்டு, கல்லாகிப்போன மரங்களும் உண்டு. இரண்டு கோடி ஆண்டுக்கு முந்திய மரம் என்கிறார்கள். கட்டையைத் தொட்டால் மரத்தின் வரி விரலில் படுகிறது, தட்டினால் கல்லின் ஓசை வருகிறது. அந்த மரங்களையும் ஏதோ ஒரு காலத்து வெள்ளம்தான் புரட்டிக்கொண்டு வந்து இங்கே மணலில் புதைத்தது என்று பூங்காவில் சொன்னார்கள். அதற்கு மேலே வீடூர் அணை. 1958, 59இல் கட்டியது. வராக நதியும் தொண்டியாறும் சேருமிடம். செஞ்சி மலைகளில் விழும் மழை அங்கே வந்து நின்று, பிறகு எங்கள் ஊருக்கு வருகிறது. நாங்கள் போனபோது தண்ணீர் குறைவு. அணைக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். சகலை கைப்பேசியில் பார்த்து, ஒதியம்பட்டைவிட இந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று சொன்னார். நாற்பது கிலோமீட்டர் ஏறி வந்திருக்கிறோம் என்பதைக் கால் உணரவே இல்லை. திரும்பும்போது மட்டும் பெடல் லேசாக இருந்தது. தண்ணீருக்கு அந்தச் சாய்வு தெரியும் என்று அன்றைக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இதற்குள் நோட்டு பாதி நிறைந்துவிட்டது. சகலையின் பட்டியலில் சுற்றுலாக்காரர்கள் போகும் இடங்கள் எல்லாம் இருந்தன. சிகிரியா, எல்ல ஊரின் ஒன்பது வளைவுப் பாலம், நுவரெலியா. ஒரு சாயங்காலம் அதை அத்தையிடம் படித்துக் காட்டினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நான் பாத்ததில்லையே மாப்ள" என்றார். அந்த நாட்டில் பிறந்து பதினாறு வருடம் வளர்ந்தவர் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்ததில்லை. கண்டியைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, பாஸ்போர்ட் வேலையாக. அவருக்குத் தெரிந்த இலங்கை நாலைந்து மைல் சுற்றளவு. அந்த நாலைந்து மைலில் ஒவ்வொரு கல்லும் தெரியும்.

அன்றைக்குத்தான் எங்கள் திட்டத்தில் பாதியை அடித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தோம். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தொடங்கி வழியை அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். டிக்கோயா வரை பெரிய ரோடு. பிறகு வலது கைப் பக்கம் மேக்கணக்கு, இறங்கினால் பணியக்கணக்கு. மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்பதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். பிரட்டுக்களம், விடியற்காலையில் கங்காணி பேர் எடுக்கும் இடம். அதிலிருந்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. எவ்வளவு தூரம் அத்தை என்றால், "வெறுங்கூடையோட போனா ஒரு வெத்தல போடுற நேரம். கொழுந்து நெறைய இருந்தா ரெண்டு எடத்துல நின்னு நின்னு போவணும்" என்றார். அந்த இரண்டு நிற்கும் இடங்களும் எங்கே என்று கேட்டேன். ஒன்று குழாயடி, இன்னொன்று முள்ளுமுருங்கை மரத்தடி. சகலை கைப்பேசி வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பச்சையாக இருந்தது, வளைந்து வளைந்து ஒரு வெள்ளைக் கோடு போனது. அத்தை கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல மேடு தெரியலியே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்ன தூரமெல்லாம் தலையில் கூடை இருந்ததா இல்லையா என்பதை வைத்துத்தான். எங்கள் பல் கணக்கும் அதேதான், பாரத்தை வைத்துத் தூரம் சொல்வது. அதனால் அவர் சொன்னதை என்னால் உடனே பிடித்துக்கொள்ள முடிந்தது. இரண்டு இடத்தில் நிற்க வேண்டிய ஏற்றம் என்றால் அங்கே 22 பல் பிரீவீலும் உதவாது.

காசல்ரீ அணை 1965இல் முடிந்தபோது அவருக்கு ஒன்பது வயது. பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறி நின்றதைப் பார்க்க லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடினார்களாம். அதற்கப்புறம் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்து பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் இன்றைக்கும் வெளியே தெரிகிறது. "பிப்ரவரில போனீங்கன்னா தண்ணி எறங்கிருக்கும். கோயில் தலை தெரியுதான்னு பாருங்க" என்றார். சிகிரியா இருந்த இடத்தில் அதை எழுதிக்கொண்டோம். பிப்ரவரி அந்தப் பக்கத்துச் சிவனொளிபாதமலைக்கும் யாத்திரை சீசன். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை மட்டும் சகலை அடிக்கவிடவில்லை. அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து மாத்தளை சேர்ந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் வழிவந்தவர்கள் மறுபடி நடந்தார்கள். அத்தையின் தாத்தாவும் அந்த வழியில் போனாரா, அதற்குள் ரயில் வந்துவிட்டதா என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கோயிலில் ஒரு தேங்காய் உடைப்பது என்று எழுதினோம்.

மலைப்பகுதிதான் எனக்குக் கடைசிவரை உறுத்தலாக இருந்தது. கினிகத்தேனைக்கு மேலே எப்படிப் பார்த்தாலும் லுமாலா வண்டி ஏறாது. கியர் வண்டி வாடகைக்கு எடுக்கலாமா, வண்டியைக் கண்டியில் விட்டுவிட்டு ரயில் ஏறலாமா என்று நானும் சகலையும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தள்ளிக்கிட்டுப் போனா என்னா மாப்ள?"

சைக்கிள்காரனுக்குத் தள்ளுவது என்றால் பஞ்சர் ஆனதாக அர்த்தம், இல்லை தோற்றதாக அர்த்தம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

"எங்க தாத்தன் நடந்து ஏறுன மலதானே. நான் கூடையோட ஏறுவேன். நீங்க வண்டியப் புடிச்சிக்கிட்டு ஏறுங்க. அதான் மூட்டைய வண்டி தூக்கிக்குமே, தலைல ஒண்ணும் இல்லியே" என்றார்.

நோட்டைத் திருப்பி அந்த மலைப்பகுதிக்கு மறுபடி கணக்குப் போட்டேன். தள்ளி நடந்தால் மணிக்கு நாலு கிலோமீட்டர். கடினமான ஏற்றம் பதினைந்து கிலோமீட்டர் வந்தால் நாலு மணி நேரம். ஹட்டனுக்கு ஒரு நாளில் போவதற்குப் பதிலாக இரண்டு நாள். அவ்வளவுதான் வித்தியாசம். கியர் வண்டி, ரயில் எல்லாவற்றையும் அடித்தேன். பட்டியலில் நல்ல செருப்பு என்று ஒரு வரி சேர்ந்தது.

கடவுச்சீட்டு வந்தது. பிப்ரவரிக்கு விடுப்பு கேட்டிருந்தேன். பணம் ஒரு மஞ்சள் பையில் சேர்ந்துகொண்டிருந்தது.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்தது என்று சொல்லக் கூடாது, வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்படி ஒரு மழையை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. பார்க்க முடியவில்லை, கேட்கத்தான் முடிந்தது. மழை நின்றதும் பிழைத்தோம் என்று நினைத்தோம். ஆனால் வீடூர் அணை நிரம்பி, உபரி நீரைத் திறந்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் நாங்கள் கட்டுச்சோறு தின்ற கரை. நாற்பது கிலோமீட்டர், அந்தக் கண்ணுக்குத் தெரியாத சாய்வில், திருவக்கரை, திருக்கனூர், பத்துக்கண்ணு என்று நாங்கள் வந்த வரிசையிலேயே தண்ணீர் வந்தது. நான் ராத்திரி முழுக்கக் கைப்பேசியில் ஊர்ப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இங்கே, இன்னும் இவ்வளவு நேரத்தில் இங்கே என்று மனம் கணக்குப் போட்டது. வழி தெரிந்திருந்ததால் மாட்டை முன்கூட்டியே அவிழ்த்து மேட்டுத் தெருவில் கட்டினேன், நெல் மூட்டையைப் பரணில் ஏற்றினேன், அத்தையைச் சகலை வீட்டுக்கு அனுப்பினேன். விடிந்தபோது எங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றது.

மாட்டுக்கொட்டகையின் சுவர் விழுந்துவிட்டது. மோட்டாரில் தண்ணீர் புகுந்துவிட்டது. மஞ்சள் பைப் பணம் அதற்குப் போனது. அதைப் பற்றி நானும் சகலையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவருக்கும் தென்பெண்ணை வெள்ளத்தில் கரும்பு சாய்ந்திருந்தது.

நோட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் வீட்டை ஒழித்தபோது எடுத்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகியிருந்தன. திண்ணை வெயிலில் வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பென்சிலில் எழுதிய பல் கணக்கு அப்படியே இருந்தது. சிவப்பு மையில் எழுதியதெல்லாம் கரைந்து ரோஜா நிறமாகியிருந்தது. டிக்கோயாப் பக்கங்கள் நீல மையில் எழுதியவை, அவை முழுக்கப் போய்விட்டன.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். "இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டிருக்கீங்க? எழுதுங்க மாப்ள, மறுக்கா சொல்றேன்" என்றார். இந்தத் தடவை பென்சிலை எடுத்தேன். ஹட்டன் ஸ்டேஷன், பெரிய ரோடு, மேக்கணக்கு, பிரட்டுக்களம், ஸ்டோர். முதல் தடவை சொன்ன அதே வரிசை, ஒன்றும் மாறவில்லை. குழாயடி வந்தது. முள்ளுமுருங்கை வந்தது. அங்கே நிறுத்தி, வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"அந்த மரத்துலேருந்து எடக்கைப் பக்கம் ஒத்தையடிப் பாதை ஒண்ணு எறங்கும். அன்னிக்கு அதச் சொல்லல" என்றார்.

எங்கே போகும் என்றேன்.

"எங்க அம்மாவ அங்கதான் பொதச்சிருக்கு. கப்பல் ஏர்றதுக்கு எட்டு மாசம் முந்தி. மேல கல்லு ஒண்ணும் வெக்கல. ரெண்டு பக்கமும் தேயிலச் செடி. கவ்வாத்து வெட்டியிருந்தா எடம் தெரியும், வளந்திருந்தா தெரியாது."

நான் எழுதினேன். முள்ளுமுருங்கை மரம். இடது பக்கம் ஒற்றையடிப் பாதை. இறக்கம். வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டு நடந்து போக வேண்டும். எல்லா இடத்துக்கும் போட்டது போல, அங்கே எவ்வளவு நேரம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

"அத மட்டும் போடாதீங்க" என்றார் அத்தை.